துப்பட்டா முடிச்சு

"ஸ்கூட்டர் சாவியக் குடு ரேணு, டைமாச்சு."

"தர மாட்டேன். காலைல நைட் டியூட்டி முடிஞ்சு வரும்போது பாடி மேம்பாலத்துல கண்ணசந்து லாரி மேல உடப் பாத்தீங்களே, மறந்துபோச்சா? படுங்க."

"நான் போலன்னா இப்ப சீட்ல இருக்கறவர் எழுந்துக்கவே முடியாது. வேற ஆளே இல்ல, ஓவர்டைம்தான்."

எழில் எவ்வளவு கெஞ்சியும் ரேணுகா அவனை ஓட்ட விடவில்லை. சாவியைத் தம்பி தேவாவிடம் கொடுத்தாள். எழிலைப் பின்னால் உட்காரவைத்து, சின்னப் பிள்ளையைக் கட்டுவதுபோல் இருவரையும் சேர்த்துத் துப்பட்டாவால் கட்டினாள்.

"இன்னா மாமா, பொழப்பு இது?" என்றான் தேவா. அம்பத்தூர் தாண்டும் முன்பே எழிலின் தலை அவன் முதுகில் சாய்ந்துவிட்டது.

அலுவலகத்தில் வழக்கம்போல் குழாயை நீட்டினார் பரிசோதகர். எழில் ஊதினான்.

"குடிக்கல. நீங்க போலாம் சார்."

"தூங்கவும் இல்லீங்க."

"அதப் பாக்க மெஷின் இல்லியே சார்."

எழில் முகத்தைக் கழுவிக்கொண்டு கண்ட்ரோல் டவருக்கு ஏறினான். ஹெட்போனை மாட்டினான்.

வானில் வட்டமடித்துக்கொண்டிருந்த விமானங்களில் முதலாவது, இறங்கலாமா என்று அவனைக் கேட்டது.