எதிரணி

செங்கமலம் இன்று பேசியிருந்தது அவன் எழுதியதல்ல.

மறுபடி படித்தான். இல்லவே இல்லை.

செங்கமலம் என்று உலகத்தில் யாருமே கிடையாது. அவன்தான் அவளை உண்டாக்கினான்.

முகநூலில் மாலைப் பட்டிமன்றம் என்று ஒரு குழு. நாளுக்கொரு தலைப்பு. நடுவர் உண்டு, தீர்ப்பும் உண்டு. எந்த அணியில் போட்டாலும் அவன் ஜெயிப்பான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளையின் வாய்க்குப் பயந்து எதிரணியில் உட்கார ஆளில்லாமல் போயிற்று.

ஆளில்லாமல் யாரை ஜெயிப்பது?

அப்போது கையிலிருந்த செல்போனில் புதுக் கணக்கு ஒன்று தொடங்கினான். செம்பருத்திப் படம் வைத்தான். செங்கமலம் என்று பெயரிட்டு எதிரே நிறுத்தினான்.

அவள் பேச்சையும் அவனே கூடத்துக் கணினியில் உட்கார்ந்து எழுதுவான். தோற்கிற மாதிரி எழுதுவான். அதில் அவனுக்கு ஒரு தனி ருசி.

பாவம் அந்தக்கா, ஒரு நாளாவது ஜெயிக்கட்டுமே என்று குழுவில் கேலி செய்வார்கள்.

இன்றைய தலைப்பு, கைபேசி குடும்பத்தைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா. புளித்துப்போன தலைப்புதான். அவன் சேர்க்கிறது அணி. வெளுத்து வாங்கியிருந்தான். நானும் நாள் முழுக்க இதில்தான் கிடக்கிறேன், என் மனைவி இதோ பக்கத்து அறையில் இருக்கிறாள், எங்களுக்குள் என்ன குறைந்துவிட்டது என்று கேட்டிருந்தான். கைதட்டல்கள் வரிசையாக வந்து விழுந்தன.

செங்கமலத்தின் பதிலை இனிமேல்தான் எழுத வேண்டும்.

அதற்குள் பதில் வந்திருந்தது.

"பக்கத்து ரூம்ல இருக்காங்களா? எந்திரிச்சுப் போய்ப் பாத்தீங்களா?"

பெயரையும் படத்தையும் சரிபார்த்தான். செங்கமலமேதான்.

யாரோ கணக்கைத் திருடிவிட்டார்கள் என்று முதலில் நினைத்தான். அப்புறம் வேறொன்று தோன்றியது. போன வாரம், இயந்திரம் தானாகப் பேசுமா என்று ஒரு தலைப்பு. சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்லும், அதற்கென்று சொந்தமாக ஒரு வார்த்தை வராது என்று அடித்துப் பேசி ஜெயித்திருந்தான்.

செங்கமலத்துக்கும் அவன்தான் சொல்லிக் கொடுத்தான்.

சொல்லிக் கொடுக்காததை எங்கே கற்றாள்?

பைத்தியக்கார நினைப்பு. இன்னும் இருட்டக்கூட இல்லை. கீழே யாரோ பைக்கைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் அவனுக்குத் தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை.

"பரிமளா" என்று மனைவியைக் கூப்பிட்டான்.

பதில் இல்லை. அவளுக்குக் கொஞ்ச நாளாகக் கோபம். என்ன கோபம் என்று அவன் கேட்கவில்லை. மேஜையில் சாப்பாடு இல்லாத அன்றே தெரிந்துகொண்டான். ஆறும்போது ஆறட்டும் என்று வெளியிலிருந்து வரவழைத்துச் சாப்பிட்டான். கூடத்து சோபாவிலேயே தூங்கினான், கொடியில் கிடந்த துணியையே மாற்றி மாற்றி உடுத்தினான். படுக்கையறைக் கதவு சாத்தியே இருந்தது. உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இப்போதும் கேட்டது.

எழுந்து போய்க் கதவைத் தள்ளினான்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே கட்டிலில் விரிப்பு சுருக்கமில்லாமல் கிடந்தது. பீரோவில் அவள் பக்கம் காலி. ஜன்னல் தொட்டியில் அவள் வளர்த்த புதினா சருகாகியிருந்தது. தொட்டான். பொடிந்து விரலில் ஒட்டியது.

இத்தனை நாளும் மின்விசிறிக்குப் பக்கத்தில்தான் குடித்தனம் நடத்தியிருக்கிறான்.

அவள் எண்ணுக்குக் கூப்பிட்டான். மணி போனது. எடுக்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது. அவள் போன் தண்ணீரில் விழுந்து கெட்டபோது, தன் பழைய போனைத்தான் கொடுத்திருந்தான். செங்கமலத்தைத் தொடங்கிய அதே போன். அதிலிருந்து அந்தக் கணக்கை அவன் எடுக்கவே இல்லை.

அப்படியென்றால் அன்றிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். இல்லாத ஒரு பெண்ணுக்காக அவன் உட்கார்ந்து உட்கார்ந்து யோசித்ததை. அவளுக்குச் சொற்கள் தேடியதை. அவளை ஒவ்வொரு நாளும் தோற்கடித்ததை.

அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

கூடத்துக்கு ஓடினான். தன் பெயரிலேயே, எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே எழுதினான். எப்போது போனாய், என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

குழு குதூகலித்தது. அண்ணன் புது உத்தி பிடித்துவிட்டார், நாடகமே போடுகிறார் என்று எழுதினார்கள். அக்கா விடாதீங்க என்றார்கள். நடுவர் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னார்.

செம்பருத்திப் படத்துக்குக் கீழே, எழுதிக்கொண்டிருப்பதைக் காட்டும் புள்ளிகள் அசைந்தன. நின்றன. மறுபடி அசைந்தன.

"சொல்லிட்டுத்தான் போனேன். நீங்களும் ம்னு சொன்னீங்க."

கைதட்டல்கள் கொட்டின. அவன் வாழ்நாளில் வாங்காத அளவுக்குக் கொட்டின. எதிரணிக்கே தீர்ப்பு என்று நடுவர் அறிவித்தார். அக்கா முதல் தடவை ஜெயிச்சிட்டாங்க என்று யாரோ லட்டுப் படம் போட்டார்கள்.

அவன் அதையெல்லாம் பார்க்கவில்லை. ம் சொன்ன நாள் எது என்று யோசித்தான். முகம் நினைவில்லை. அவள் வாசலில் நின்று சொன்னாளா, அருகில் வந்து சொன்னாளா, அழுதாளா, எதுவும் நினைவில்லை. அன்றைக்கு என்ன தலைப்பு என்று தெரிந்தாலாவது பிடித்துவிடலாம்.

விரலால் பக்கத்தை மேலே மேலே தள்ளிக்கொண்டு போனான்.

எல்லா நாளும் அவன் ஜெயித்திருந்தான்.