சாய்ந்த கேடயம்

“கேடயம் ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கே! உன் புருஷன் தூங்கிக்கிட்டே வரைஞ்சானா?”

சிமெலானே காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மன்னரின் முடிசூட்டு வெள்ளி விழாவுக்கு லோகோ தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்ததிலிருந்து, அவருக்கு எதைப் பார்த்தாலும் கோணலாகத்தான் தெரிந்தது.

எதிரே லாமசேகோ நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மன்கயானே மலையிலிருந்து முதல் வேன் பிடித்து, லொபாம்பா அரண்மனை வளாகத்தில் இருந்த விழா அலுவலகத்துக்கு வந்திருந்தாள். இன்று மாலை லோகோ அச்சுக்குப் போகிறது. அவள் கணவன் வூசி வரைந்தது போகுமா, மேஜையின் மறு ஓரத்தில் கிடந்த தங்கக் கிரீடப் படம் போகுமா என்பது இந்த மனிதரின் கையில் இருந்தது. கிரீடத்தைக் கணினியில் தட்டிப் போட்டவர் யாரோ பெரிய இடத்துப் பிள்ளையாம். நம் மன்னர் என்றைக்குக் கிரீடம் வைத்தார் என்று அவரை யாரும் கேட்கவில்லை.

“சாஞ்சாத்தான் ஐயா அது கேடயம்,” என்றாள் லாமசேகோ. “நேரா இருந்தா சுவத்துல மாட்டி வச்சதுன்னு அர்த்தம். சாஞ்சிருந்தா ஒரு ஆம்பளை கையில பிடிச்சிருக்கான்னு அர்த்தம். அவர் அப்படித்தான் சொல்வார்.”

“அதை அவனே வந்து சொல்றது! போன் பண்ணாலும் எடுக்கறதில்ல. அவ்வளவு கிராக்கியா?”

“தொண்டை சரியில்ல ஐயா. பேச முடியல.”

“பேச முடியாதவன் உன்னை விட்டுச் சண்டை போடறான். நல்ல ஏற்பாடு!”

சிமெலானே உரக்கச் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

வூசிக்கு இருந்தது ஒரே ஆசை. தன் படம் கொடியாக ஊரெல்லாம் பறக்க வேண்டும். படுக்கையில் சாய்ந்தபடி, பலகையை மடியில் வைத்துக்கொண்டு அதை வரைந்தான். மாட்டுத்தோல் கேடயம், அதன் மேல் சிவப்பு இறகு, அடியில் வருஷம். அவ்வளவுதான். அதற்கே கிழித்துப் போட்ட காகிதத்தில் அடுப்பு எரிந்தது.

காவலாளி கதவைத் திறந்து தலையை நீட்டினான்.

“ஐயா, ஆடற பொண்ணுங்களுக்கு மணி கோத்துக் குடுக்கற அம்மா வந்திருக்காங்க. மூட்டையோட வாசல்ல நிக்கறாங்க.”

“வந்தா உள்ளே அனுப்ப வேண்டியதுதானே? இதுக்கு ஒரு விசாரணையா?”

“கறுப்பு உடுத்தியிருக்காங்க ஐயா. வீட்டுக்காரர் தவறிட்டாராம்.”

சிமெலானேயின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

“அங்கேயே நிறுத்து. புருஷன் செத்த துக்கம் ரெண்டு வருஷம் முடியாம ராஜா வாசல்ல கால் வைக்கலாமா? அந்த மணியும் வேண்டாம், திருப்பிக் குடுத்துடு. துக்க வீட்டுலேர்ந்து எது வந்தாலும் விழாவுக்கு ஆகாது. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா என் தலைதான் உருளும்.”

“ராப்பகலாக் கோத்தாங்களாம் ஐயா…”

“நான் என்னப்பா பண்ணுவேன்? இந்த வழக்கத்தை நானா கொண்டு வந்தேன்?”

காவலாளி போய்விட்டான். லாமசேகோ மடியிலிருந்த கைப்பையை இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்த அம்மாவுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசாமல் இருந்தது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

“நீ ஏன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கறே?” என்றார் சிமெலானே, கொஞ்சம் இறங்கிய குரலில். “பாவம்தான், இல்லேங்கல. சரி, நம்ம விஷயத்துக்கு வா. கேடயத்தை நேரா நிமித்திக் குடு. இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

“நிமித்த முடியாது ஐயா.”

“ஏம்மா, இவ்வளவு தூரம் வந்துட்டு வெறுங்கையோட போகப் போறியா?”

“போறேன். அவர் வரைஞ்சதை நான் நேராக்க மாட்டேன். வேணாம்னா அந்தக் கிரீடத்தையே போட்டுக்குங்க. தலையில இறகு வைக்கிற ராஜாவுக்குக் கிரீடம் நல்லாத்தான் இருக்கும்.”

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மனிதர் கோபப்பட்டு எழுந்துவிட்டால் எல்லாம் போச்சு.

சிமெலானே எழுந்தார். ஆனால் கோபப்படவில்லை. இடது கையை மடக்கி, இல்லாத ஒரு கேடயத்தைப் பிடித்துப் பார்த்தார். வாலிபத்தில் கேடயம் பிடித்து ஆடிய உடம்பு. காலை ஓர் உதை உதைத்ததும் கை தானாகவே ஒரு பக்கம் சாய்ந்தது.

“அடப்பாவி! சரியாத்தான்யா போட்டிருக்கான்.”

உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு, முத்திரையையும் குத்தினார்.

“போய்ச் சொல்லு, அவன் கேடயம்தான் பறக்கப் போகுது. விழாவுக்கு ரெண்டு பேரும் வந்தாகணும், முன் வரிசையில இடம். தொண்டை, கிண்டைன்னு சாக்குச் சொல்லக் கூடாது!”

“சொல்றேன் ஐயா.”

வெளியே வந்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலுக்கு அப்பால், சாலையோர மரத்தடியில் அந்த மணி கோக்கும் பெண் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லாமசேகோ போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்தப் பெண் பதறி விலகினாள். “கிட்ட வராதே தங்கச்சி. நீ நல்ல காரியமா வந்திருக்கே. என் நிழல் உன் மேல படப் போகுது.”

“படட்டும் அக்கா, எனக்கும் போன மாசம்தான்,” என்ற லாமசேகோ, கைப்பையின் அடியில் ஒளித்து வைத்திருந்த கறுப்புத் துணியை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டாள்.