மழுங்கிய நாலு ஸ்க்ரூ

ரிமோட் கார் மோட்டாரின் மூடியில் நான்கு ஸ்க்ரூவும் தலை மழுங்கிக் கிடந்தன.

“ஸ்க்ரூ டிரைவரால திருகினீங்களா, பல்லால கடிச்சீங்களா மாப்ளே?” என்றார் மெக்கானிக்.

பந்தயத்தில் ஜெயித்த கோப்பையைக் கக்கத்தில் இடுக்கியபடி, தங்கையின் கணவர் அசடு வழிந்தார். “நமக்கு வேலை வராது மச்சான். திறக்காம விட்டுடுங்க.”

“தங்கச்சிகிட்ட சொல்றேன், பல்பு மாட்டக்கூட உங்களைக் கூப்பிடாதேன்னு.”

ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் சின்ன ரம்பத்தால் கோடு கீறி, தட்டையான முனையுள்ள டிரைவரை வைத்துத் திருப்பினார். நான்கும் கழன்றன.

உள்ளே, பந்தய விதி அனுமதிக்காத தடித்த செம்புக் கம்பி, ஒரு சுற்றுகூடப் பிசகாமல் சுற்றப்பட்டிருந்தது.

“இவ்வளவு நேர்த்தியா கம்பி சுத்துற கைக்கு ஸ்க்ரூ கழட்டத் தெரியாதாக்கும்?”

“மச்சான், உங்க தங்கச்சிக்காக...”

பந்தயத்தின் பரிசோதகரான மெக்கானிக், ‘தகுதி நீக்கம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

“அவகிட்ட நான் பேசிக்கிறேன். கோப்பையை வச்சிட்டுப் போங்க.”