நூறடிக் கயிறு

அமைச்சர் வந்து இறங்கிவிட்டார். பந்தல்காரர் கயிற்றுச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடலோரம் நின்றார். உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது.

எங்கேயோ உலகத்தின் உச்சியில் பனி உருகுகிறதாம். உருகிவிட்டுப் போகட்டும். அந்தத் தண்ணீர் தேடிப்பிடித்து இவர் தெருவுக்கா வர வேண்டும்?

தேர்தலுக்குத் தேர்தல் கடல்சுவருக்கு அடிக்கல் நடுவார்கள். அலை தொடும் இடத்திலிருந்து நூறடி அளந்து, அங்கே கல். அளந்து காட்டிப் பந்தல் போடுவது எப்போதும் இவர்தான். பழைய கற்களையெல்லாம் இப்போது மீன்கள்தான் படித்துக்கொண்டிருக்கின்றன.

இந்த முறை வம்பு என்னவென்றால், சுவரை நிஜமாகவே கட்டப்போகிறார்கள். சுவருக்கு இந்தப்பக்கம் ஊர், அந்தப்பக்கம் கடலுக்குச் சொந்தம் என்று உத்தரவும் போட்டாயிற்று.

பொறியாளர் நேற்றே நைலான் கயிற்றைக் கொடுத்திருந்தார். எதற்கும் பார்த்துவைப்போம் என்று இவர் அளந்தார். கயிறு இவர் வீட்டு வாசலில் நுழைந்து, கூடத்தைத் தாண்டி, அடுப்படியில் போய் முடிந்தது.

மனைவி கரண்டியும் கையுமாகத் திரும்பினாள். "கல்லை இங்க நட்டா நான் எங்க நின்னு சமைக்கிறதாம்? வெட்டித் தொலைங்க!"

அவள் பேச்சை அவர் என்றைக்குத் தட்டியிருக்கிறார்?

வாசலுக்குச் சற்று முன்னால் முடிகிற மாதிரி வெட்டினார். பிரி விடாமல் இருக்க முனையை அடுப்பில் காட்டினார். அவசரத்தில் அது கோணல்மாணலாக உருகி, கறுப்பு உருண்டையாகிவிட்டது.

இவர் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரே ஒரு வீடு, ரிட்டயர்டு வாத்தியாருடையது. இப்போது அது சுவருக்கு அந்தப்பக்கம் போய்விடும். வாத்தியாரை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. மனைவியை நினைத்தால் பயமாக இருந்தது.

இன்று காலையில் பொறியாளர் வந்து, சரிபார்க்க வேண்டும் என்று கயிற்றை வாங்கி ஜீப்புக்குள் கொண்டுபோனார். தொலைந்தோம், ஜெயில்தான் என்று இவர் முடிவே கட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் பொறியாளர் திரும்பி வந்து, முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு, அளவு சரியாக இருப்பதாகச் சொல்லிச் சுருளை நீட்டினார்.

இப்போது கேமராக்கள் திரும்பின. ஒரு முனையைப் பொறியாளர் அலையோரம் பிடித்துக்கொள்ள, பந்தல்காரர் சுருளை அவிழ்த்தபடி நடந்தார்.

பத்துப் பன்னிரண்டு எட்டு வைத்திருப்பார். கயிறு தீர்ந்துவிட்டது.

வாத்தியார் வீட்டு வேலியையே இன்னும் தொடவில்லை. இழுத்துப் பார்த்தார். உதறிப் பார்த்தார். முனையைக் கண்ணருகே கொண்டுபோனார். அவருடைய கறுப்பு உருண்டையைக் காணோம். யாரோ புதிதாக வெட்டி, நெருப்பில் காட்டி, கையாலேயே நசுக்கி ஒட்டியிருந்தார்கள்.

நூறடி இவ்வளவுதானா என்று அமைச்சர் கேட்கவே இல்லை. நடை மிச்சமானதில் அவருக்குப் பரம திருப்தி. ஈர மணலில் கல்லை நட்டார். அலை வந்து அவர் செருப்பில் ஒன்றைக் கொண்டுபோனது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பொறியாளர் மட்டும் தட்டவில்லை. கொப்புளம் கிளம்பிய கட்டைவிரலை ஊதிக்கொண்டிருந்தார்.

வேலிக்குப் பின்னாலிருந்து வாத்தியார் குரல் கொடுத்தார்.

"மாப்பிள்ளை, வெயில்ல நிக்காம உள்ள வாங்க. பொண்ணு மருந்தோட காத்துக்கிட்டு இருக்கா."