வலது செருப்பு

பேஸ் கிட்டார் உறுமுவதற்காக, பழைய சில்வர் டப்பாவுக்குள் என் மனைவி சாராள் செய்துகொடுத்த பெடல் அது. வீட்டில் ரப்பர் செருப்போடுதான் மிதித்துப் பார்த்திருந்தேன். ஜெபக்கூடத்தில் செருப்பு வாசலோடு சரி. பிளக்கைச் செருகிவிட்டு, கழுவிய ஈரத் தரையில் நின்று கால் கட்டைவிரலால் டப்பாவைத் தொட்டேன். சுளீரென்றது.

“கரண்ட் அடிக்குதுடி,” என்றேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாராளிடம்.

“மூட்டை தூக்குற காலு, தாங்காதா?” என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

“இன்னிக்கு இது உறுமலன்னா, கீபோர்டுக்காரனே இடது கையால பேஸையும் வாசிச்சிடுவான். அப்புறம் நான் எதுக்கு?” என்றேன்.

பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கினார். ஆமென் சொன்னதும் பாட்டு. சாராள் எழுந்து வாசலுக்குப் போனாள். சபையே கண்மூடியிருக்க, என் வலது செருப்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நடந்து வந்தாள். அவள் பாதி தூரம் வருவதற்குள் பாஸ்டரின் குரல் ஆமெனை நெருங்கித் தாழ்ந்தது.