மாதா நின்ற இடம்

மாதாவின் சப்பரம் என் தம்பி வீட்டு வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் ஏறி வந்து நின்றுவிட்டது.

நான் அதற்கு மேலே, என் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சப்பரம் என்னையும் தாண்டிப் போக வேண்டுமே என்று, பாதையில் கிடந்த தள்ளுவண்டியைக்கூட ஓரம் கட்டி வைத்திருந்தேன்.

என் முதுகுக்குப் பின்னால் மலை வந்துகொண்டிருந்தது.

வெளியூர்க்காரர்கள் எட்னா எரிமலை என்பார்கள். எங்களுக்கு அவள் வெறும் மலைதான். தாத்தா காலத்தில் அவள் கொட்டியதன் மேல்தான் என் திராட்சைக் கொடிகள் நிற்கின்றன. அதற்கும் முன்னால் கொட்டியதன் மேல் கோயில். இருபத்தெட்டாம் வருஷம் கீழே மஸ்காலி என்ற ஊரையே தின்றுவிட்டு நின்றவள்.

இந்தத் தடவை அவளுக்கு அவசரமே இல்லை. கறுத்துப் புகைந்துகொண்டு, உடைந்த ஓடுகளைக் கூடை கூடையாகக் கொட்டுகிற சத்தத்தோடு, தீக்குழம்பு என் தோட்டத்து மேல் மதிலைத் தொட்டிருந்தது. ஆள் நடந்தே தப்பித்துவிடலாம். வீடுதான் நடக்காது.

அதனால் எங்கள் பக்கத்தில் வீட்டைக் கழற்றிக்கொண்டு போவார்கள். ஓடு, கதவு, சன்னல், உத்திரம். பக்கத்து வீட்டு இன்யாசியா அடுப்புக்கல்லைக்கூடப் பெயர்த்து எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். நான் மட்டும் ஒரு ஓட்டைக்கூடத் தொடவில்லை.

தம்பி சிரினோ தொடவிடவில்லை.

"ஓட்டப் பிரிச்சா மாதாவ நம்பலன்னு ஆயிடும்க்கா. நான் இருக்கேன்ல? சப்பரத்த உன் மேல் மதில்கிட்டயே கொண்டாந்து நிறுத்தறேன். அந்த மலை அதத் தாண்டி எறங்கிடுவாளா?"

சப்பரம் தூக்குகிறவர்களுக்கு அவன்தான் தலைவன். அவன் தோளை இறக்கினால்தான் மற்றவர்கள் இறக்குவார்கள். மாதா எங்கே நிற்கிறாளோ அதுதான் எல்லை. அதற்குக் கீழே இருப்பதை அவள் காப்பாற்றுவாள். மேலே இருப்பதை ஊர் கைகழுவிவிட்டது என்று அர்த்தம். இது எங்கள் ஊரில் நேற்று ஞானஸ்நானம் வாங்கிய குழந்தைக்கும் தெரியும்.

சிரினோ தோளை இறக்கினான்.

சப்பரம் தரையில் உட்கார்ந்தது. அவன் வீட்டுக்கு மேலே. என் வீட்டுக்குக் கீழே.

"டேய், இன்னும் மேல வாங்கடா!" என்று கத்தினேன். மூச்சு வாங்க நிறுத்தியிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு மண்டு நான்.

அவன் தோள் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை. மலையைப் பார்த்துச் சொன்னான்.

"அங்க ஒரே சரிவுக்கா. நெருப்பு சரசரன்னு எறங்கிடும். இங்கதான் தரை சமமா இருக்கு, தானா நிக்கும். மாதாவுக்கு ஒரு அவமானம் வந்துடக் கூடாதுல்ல?"

சமமான தரை! அப்பாவின் நிலத்தைப் பாகம் பிரித்தபோது அந்தச் சமநிலத்தை அவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுச் சரிவை எடுத்துக்கொண்டவள் நான். சின்னவன், புதுசாகக் கல்யாணம் ஆனவன், பிழைத்துப் போகட்டும் என்று.

பாதிரியார் செபத்தை ஆரம்பித்தார். என்னோடு சேர்ந்து துணி துவைத்தவர்கள், என் முற்றத்தில் தக்காளி காய்ச்சியவர்கள், எல்லோரும் முட்டி போட்டார்கள். அவர்களுக்கும் நெருப்புக்கும் நடுவில் என் வீடு. கூத்துப் பார்க்க உட்கார்ந்த மாதிரி இருந்தது. இன்னும் நாலு எட்டு மேலே வையுங்களேன் என்று ஒருத்திகூட வாய் திறக்கவில்லை.

மாதாவின் முகத்தைப் பார்த்தேன். அவளும் திறக்கவில்லை.

ஓட்டைப் பிரிக்க இனி நேரம் இல்லை. உள்ளே போனேன்.

வீட்டைப் பறிகொடுக்கிறவர்கள் இங்கே கடைசியாக ஒன்று செய்வார்கள். நானும் செய்தேன். தரையைப் பெருக்கித் துடைத்தேன். மேசையில் வெள்ளைத் துணி விரித்தேன். எள் தூவிய ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி, எங்கள் தோட்டத்து மது ஒரு கோப்பை. ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு நாற்காலி. அவ்வளவு தூரம் இறங்கி வருகிற மலை களைத்திருப்பாள். வீட்டை விழுங்க வருகிறவள்தான், இருந்தாலும் வெறும் வயிற்றோடு விடக் கூடாது.

கதவைத் திறந்தே போட்டுவிட்டு இறங்கினேன். மாதாவின் பக்கத்தில் நிற்கவில்லை. அவளைத் தாண்டிப் போய், இன்யாசியா கழற்றி வைத்திருந்த கதவின் மேல் உட்கார்ந்துகொண்டேன். அவள் என் கையைப் பிடிக்க வந்தாள். இழுத்துக்கொண்டேன்.

காலையில் அந்தச் சத்தம் இல்லை.

ஏறிப் போய்ப் பார்த்தேன். மலை என் அடுக்களைச் சுவரில் சாய்ந்தபடி நின்றுபோயிருந்தாள். அந்தச் சரிவிலேயே. யார் சொல்லியும் இல்லை, அவளுக்குத் தோன்றியது, நின்றாள். சுவர் தொட முடியாதபடி சுட்டது. ஆனால் ஒரு ஓடுகூட விழவில்லை.

கீழே கோயில் மணி விடாமல் அடித்தது. சிரினோ ஓடி வந்தான். கண்ணெல்லாம் ஈரம். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"பாத்தியாக்கா? உன் வீட்டையும் சேத்துல்ல காப்பாத்திட்டா!"

நான் கையைத் தூக்கவில்லை. அது அவனுக்குத் தெரிந்ததோ என்னவோ, என்னை விட்டுவிட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். வெள்ளைத் துணி, ரொட்டி, கோப்பை எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன.

"விருந்தாளி சாப்பிடாமலே நின்னுட்டாளே!" என்று சிரித்தான். "இத இனிமே யாருக்குப் போடப் போற?"

நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"உக்காரு தம்பி. இது உனக்குப் போட்டதுதான்."