முதலையின் கடைவாய்ப்பல்

அவர் டீ வாங்கப் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் கதவைத் தாழிட்டேன்.

மேசையில், மணல் மூட்டை மேல் அந்தத் தாடை. பல கோடி வருடங்களுக்கு முன் செத்துப்போன, பூனை அளவு விலங்கு. முதலை என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். சரியாகச் சொன்னால், முதலைக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா.

முதலைக்கு ஆணி ஆணியாகத்தான் பல் இருக்கும். கடித்து விழுங்கும், மெல்லத் தெரியாது. இந்தச் சித்தப்பாவுக்கோ ஆட்டுக்கு இருப்பதுபோல ஒரு கடைவாய்ப்பல்.

அங்கேதான் எனக்கு உதைத்தது.

வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. காலையில் நான், மதியத்துக்கு மேல் என் கணவர் என்று மாறி மாறித்தான் கல்லைச் செதுக்கி இந்த எலும்பை வெளியே எடுத்தோம். என் கண்ணில் அந்தப் பல் படவே இல்லை. அவர் முறையில்தான் முளைத்தது.

"நீ செதுக்கி வெச்ச எடத்துல லேசா ஊதினேன், பல்லு தெரிஞ்சுது" என்றார். சொல்லும்போது என் முகத்தையே பார்த்தார். திருட்டு முழி என்று நினைத்துக்கொண்டேன்.

நாளை அருங்காட்சியகம் இதை அறிவிக்கிறது, எங்கள் இருவர் பெயரிலும். அதற்காக இன்று மட்டும் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இருவரும் வந்திருந்தோம். ஒட்டவைத்த பல் என்று தெரிந்தால் வேலை போகும், மானம் போகும். அதைக்கூடத் தாங்கிவிடுவேன். என்னிடமே மறைத்தார் என்றால் தாங்கமாட்டேன்.

எங்களிடம் இருப்பது ஒரே பசை. ஒட்டவும் அதுதான், நீர்க்கக் கரைத்து மேலே பூசவும் அதுதான். நகப்பூச்சை அழிக்கிற அசிட்டோன் பட்டால் இளகிவிடும்; அதன் நெடிதான் அறையை விட்டுப் போகாது.

பஞ்சை நனைத்துப் பல்லின் வெளிப்பக்க அடியில் தேய்த்தேன். மெதுவாக அசைத்தேன்.

அசையவில்லை. பஞ்சில் பிசுக்கே இல்லை.

அப்பாடா! இந்த மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் உறைத்தது. நேற்று மதியம் அந்தப் பல்லுக்குப் பூச்சு பூசியதே நான்தான். பூசிவிட்டுச் சாவியை அவரிடம் கொடுத்துப் போனேன். அந்தப் பூச்சாவது பஞ்சில் ஒட்டியிருக்க வேண்டுமே?

பூதக்கண்ணாடியை இழுத்துப் பார்த்தேன். தாடை முழுக்கப் பூச்சு மினுங்கியது. பல்லின் அடியில் மட்டும், இன்று நான் பஞ்சே வைக்காத உட்பக்கத்திலும், அதை யாரோ சுத்தமாகத் துடைத்து எடுத்திருந்தார்கள்.

கதவு தட்டப்பட்டது. திறந்தேன்.

இரண்டு டீயோடு நின்றவர் மூக்கை உறிஞ்சினார். மேசையைப் பார்த்தார், பிறகு என்னை.

என்ன வாடை என்று அவர் கேட்கவே இல்லை.